இந்த முகவரி யாருடையது?

குன்றத்தூரிலிருந்து தயாளன் அஸ்தினாபுரம் திரும்பியபோது பிற்பகல்தான். ஆனால் ஐப்பசி மேகம் கவிந்து, தெருவில் அதற்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். செத்துப்போன நண்பன் சிட்டிபாபுவின் கம்ப்யூட்டரை அவனுடைய அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறான். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனவன், வெறுங்கையோடு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

மாடிப் போர்ஷனுக்குப் படிக்கட்டு வீட்டின் வெளிப்பக்கமாக ஏறும். படியடியில் வீட்டுக்கார கங்கையம்மாள் நின்றிருந்தாள்.

"இன்னா தம்பி, குடுத்துட்டு வந்துட்டியா? அந்தப் பொண்ணு அழுதுச்சா?"

"அழலைம்மா. டீ போட்டுக் குடுத்தாங்க."

"இனிமே நீ ஒண்டியாவா இங்க கீறே? வேற ஆளு யாரையாவது இட்டுகினு வந்து வச்சிக்க. அம்மாம் பெரிய போர்ஷன்ல ஒத்த ஆளா இருந்தா பேஜாரு."

"பார்க்கலாம்மா."

மேலே இரண்டு அறைகள். முன்னறை தயாளனுடையது, பின்னறை சிட்டியுடையது. நடுச்சுவரில் ஓட்டை போட்டு ஒரு கறுப்புக் கேபிளை இழுத்திருந்தார்கள். இரண்டு கம்ப்யூட்டர்களும் அதன் வழியாகத்தான் பேசிக்கொள்ளும். பின்னறையில் இப்போது நாற்காலியும் கேபிளின் முனையும் மட்டும்தான். அந்த முனையில் மூடியிருந்த சின்ன உலோகத் தொப்பியை அவன் கழற்றவில்லை. தொப்பி இல்லாவிட்டால் கம்பியில் போகும் சிக்னல் திறந்த முனையில் மோதி எதிரொலியாகத் திரும்பும். தன் குரலே தனக்குக் கேட்டு எல்லாம் குழம்பிவிடும். கம்ப்யூட்டரைக் கொடுக்கும் முன் அதிலிருந்த நெட்வொர்க் கார்டையும் பிடுங்கி வைத்துக்கொண்டான். அக்கா வீட்டில் அதற்கு உபயோகமில்லை. உள்ளங்கை அளவு பச்சைப் பலகை. பிளாஸ்டிக் உறையில் போட்டு மேஜை இழுப்பறையில் வைத்தான்.

பகலில் கம்பெனி வேலை. மாலையில் இருவரும் வேறொன்று எழுதினார்கள். உலகத்தின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமலேயே, காசில்லாமல் சேர்ந்து எழுதும் ஓர் இயங்குதளம். அதன் உள்மையமான கெர்னலில், கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேசும் பகுதியில் சிட்டிக்கு ஒரு திருத்தம் செய்ய ஆசை.

அது எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், கஷ்டமில்லை. ஒரே கம்பியில் பல கம்ப்யூட்டர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாம் ஒரு முகவரி கொடுப்போம், அதை மாற்றலாம். ஆனால் அதனுள் இருக்கும் கார்டுக்குத் தொழிற்சாலையிலேயே ஓர் எண் பொறித்து அனுப்புவார்கள். அந்த எண் உலகத்தில் இன்னொரு கார்டுக்கு இருக்கக் கூடாது. ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைத் தேடும்போது கம்பி முழுக்கக் கேட்கும்படி கூவும்: 'இந்த முகவரி யாருடையது?' உரியது மட்டும் பதில் சொல்லும்: 'என்னுடையது. என் கார்டு எண் இது.' மற்றவை வாய் திறக்காது.

சிட்டியின் திருத்தம் இதில் ஒரு மரியாதையைச் சேர்த்தது. ஒரு கம்ப்யூட்டர் விழித்தெழும்போது, தனக்குக் கொடுக்கப்பட்ட முகவரியையே முதலில் கூவிக் கேட்க வேண்டும். யாரும் பதில் சொல்லாவிட்டால் அந்த முகவரியில் குடியேறலாம். யாராவது 'என்னுடையது' என்றால் சண்டை போடாமல் விலகிவிட வேண்டும். ஏற்கெனவே இருப்பவருக்கும் ஒரு கடமை உண்டு: கேட்டால் பதில் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் இடம் போய்விடும்.

அந்தப் பகுதியைப் பராமரிக்கும் யோஹான் என்ற வெளிநாட்டுக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. மின்னஞ்சலில் மாதக்கணக்கில் வாதம் நடந்தது. "அடுத்தவன் கதவைத் தட்டுவது சரி. என் வீட்டுக் கதவை நானே தட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமா?" என்று எழுதினார் யோஹான். சிட்டி உரக்கச் சிரித்துக்கொண்டே பதில் தட்டினான்: "தட்டித்தான் பாருங்களேன். உள்ளே ஆள் இருந்தால்?"

அதுதான் அவன் எழுதிய கடைசி பதில். மஞ்சள் காமாலையில் படுத்தவன் எழுந்திருக்கவில்லை.

அவன் போனதைத் தயாளன் எழுதித் தெரிவித்தபோது யோஹான் இரங்கினார், இறங்கியும் வந்தார். "இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்துச் சோதித்து, முடிவை இந்த வாரத்துக்குள் அனுப்பு. ஒன்று கேட்க வேண்டும், இன்னொன்று பதில் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் சேர்க்கிறேன். அதற்குப் பிறகு இந்தப் பதிப்பின் கதவு மூடிவிடும்." சேர்த்தால் அந்தக் கோப்பின் தலையில் சிட்டிபாபு என்ற பெயர் நிற்கும். தயாளனுக்கு வேண்டியது அது ஒன்றுதான். அந்தக் கடிதம் வருவதற்குள் கம்ப்யூட்டரைக் கொடுத்தாகிவிட்டது.

கீழே போய்க் குன்றத்தூருக்குப் போன் செய்தான்.

"சாமுண்டி அக்கா, அந்தக் கம்ப்யூட்டர் ரெண்டே நாளைக்கு வேணும்."

"ஐயோ தயா, நேத்துதான்பா கோவிலம்பாக்கத்துல ஒரு ஸ்கூலுக்குக் குடுத்தோம். அவன் போட்டோ பக்கத்துல அது இருக்கிறதப் பாக்க முடியல."

"பரவாயில்லைக்கா."

"வேற எங்கயும் கிடைக்காதா?"

அவன் லீவு போட்டுக்கொண்டு இரண்டு நாள் அலைந்தான். தெரிந்தவர்கள் யாரும் கம்ப்யூட்டரை வீட்டுக்கு வெளியே அனுப்பத் தயாராக இல்லை.

மூன்றாம் நாள் பிற்பகல், மழை. ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்தான். பாதிச் சோதனையாவது செய்யலாம். கேட்கும் பக்கம் ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்த்துவிடலாம். கம்பியில் போவதையெல்லாம் திரையில் எழுதிக் காட்டும் ஒரு புரோகிராமை ஓடவிட்டான். தன் கம்ப்யூட்டருக்குச் சிட்டியின் பழைய முகவரியைக் கொடுத்தான். அது காலியாகத்தானே கிடக்கிறது.

திரையில் கேள்வி விழுந்தது.

இந்த முகவரி யாருடையது?

மழைச் சத்தம். கெர்னல் காத்திருந்தது.

இந்த முகவரி யாருடையது?

அடுத்த வரி வந்தது.

என்னுடையது.

தயாளன் முதலில் சிரித்தான். எங்கோ தப்பாக எழுதியிருக்கிறோம் என்று நினைத்தான். பின்னறைக்குப் போய்க் கேபிள் முனையின் தொப்பியைத் திருகிப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது. எதிரொலி என்றால் அவனுடைய கார்டு எண்தான் திரும்பி வர வேண்டும். திரும்பி வந்து திரையைப் பார்த்தான். பதிலில் இருந்தது வேறு எண்.

இழுப்பறையைத் திறந்தான். உறையோடு அந்தக் கார்டை எடுத்து, ஒட்டியிருந்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்துப் படித்தான்.

அதே எண்.

எந்தக் கம்ப்யூட்டரிலும் செருகப்படாத கார்டு அவன் கையில் இருந்தது.

"சிட்டி?" என்றான், அடங்கிய குரலில்.

மறுபடி ஓடவிட்டான். மறுபடியும் பதில். இந்தத் தடவை இன்னொன்றைக் கவனித்தான். கம்ப்யூட்டர் பதில் சொல்ல ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். இந்தப் பதில் அப்படி வரவில்லை. படுத்திருப்பவன் கூப்பிடுவது கேட்டு, எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு நேரம் ஆயிற்று.

அவன் கண்ணில் நீர் வந்தது. சிட்டி போனபிறகு அந்த வீட்டில் அவன் கேட்டதற்கு யாரும் பதில் சொன்னதில்லை.

அன்று மாலை கீழேயிருந்து இழுத்த டெலிபோன் கம்பியில் மோடம் கிறீச்சிட்டது. திரையில் வந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் யோஹானுக்கு அனுப்பினான். ஒன்று கேட்டது, இன்னொன்று பதில் சொன்னது, கேட்டது விலகியது. இதில் பொய் எதுவும் இல்லை.

மறுநாள் பதில் வந்தது. "பதில் சற்றுத் தாமதமாக வருகிறது, பழைய கார்டு போலிருக்கிறது. மற்றபடி கச்சிதம். சேர்த்துவிட்டேன். நான் சொன்னது தப்பு, சிட்டிபாபு சொன்னதுதான் சரி."

தயாளன் படியிறங்கிப் போய்க் கங்கையம்மாளுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தான்.

"இன்னா விசேஷம்? பொண்ணு கிண்ணு பாத்துட்டாங்களா?"

"சிட்டி பேரு போட்டுட்டாங்கம்மா. உலகம் பூரா போகும்."

"செத்தவன் பேரு உலகம் பூரா போவுது. நீ மாடியை விட்டு எறங்கவே மாட்டேங்கிறே" என்றாள் அவள், மைசூர்பாகைக் கடித்துக்கொண்டு.

அதன்பின் தினமும் ஒருமுறை அந்த முகவரியைக் கேட்பான். தினமும் பதில் வரும். கேட்டுவிட்டுத் தன் சொந்த முகவரிக்குத் திரும்பி வேலை பார்ப்பான். அடுத்த அறையில் ஆள் இருக்கிற நிம்மதி. அதற்குமேல் அவன் எதையும் யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள், அவன் எதுவும் கேட்காதபோதே திரையில் ஒரு வரி விழுந்தது.

கேட்டது சிட்டியின் கார்டு. ஆனால் கேட்டது சிட்டியின் முகவரியை இல்லை.

தயாளனின் முகவரியை.

இந்த முகவரி யாருடையது?

அவன் கெர்னல் உடனே பதில் சொன்னது: என்னுடையது. கடமைப்படி.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் அதே கேள்வி. மறுபடியும் பதில்.

தயாளன் அந்தத் திருத்தத்தை வரி வரியாக அறிந்தவன். தேடுபவனுக்கு ஒரு பதில் போதும். பதில் வந்தபிறகும் அடுத்தவன் முகவரியைத் திரும்பத் திரும்பக் கேட்பது எதற்காக என்று அவனுக்குத் தெரியும். அங்கே குடியேறத்தான்.

"மச்சான், வேணாம்டா" என்று பின்னறை வாசலைப் பார்த்து மெல்லச் சொன்னான்.

இந்த முகவரி யாருடையது?

என்னுடையது.

கம்ப்யூட்டர் ஓடும்வரை பயமில்லை. அது பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். ராத்திரி அதை அணைக்காமல் விட்டான். மறுநாளும் அணைக்கவில்லை. கேள்விகள் வரவர நெருங்கி வந்தன. கேபிளைப் பிடுங்கிவிடலாம் என்று கையை நீட்டியவன், நீட்டியபடியே நின்றான். பிடுங்கினால் கேள்வி தன் காதுக்கு எட்டாது. கேட்பவனுக்கு அதுவும் மௌனம்தான்.

மழை வலுத்தது. மாலை மங்கும் நேரத்தில் கங்கையம்மாள் கீழேயிருந்து கத்தினாள்.

"தம்பி! டிரான்ஸ்பார்மர்ல நெருப்பு வருதாம். கரண்ட்டை நிறுத்தப் போறாங்களாம்!"

"அம்மா, வேணாம்னு சொல்லுங்க! கொஞ்ச நேரம்..."

திரை சுருங்கி ஒரு புள்ளியாகி அணைந்தது. மின்விசிறி தேய்ந்து நின்றது.

இருட்டு.

இப்போது அந்தக் கேள்வி கம்பியில் போய்க்கொண்டிருக்கும். பதில் சொல்ல யாரும் இல்லை.

"என்னுடையது" என்றான் வாய்விட்டு. இன்னும் உரக்கச் சொன்னான். கம்பிக்கு அவன் குரல் கேட்காது.

பின்னறையிலிருந்து ஒரு வாசனை வந்தது. அவனுக்கு நன்றாகப் பழகிய வாசனை. மணிக்கணக்கில் ஓடிச் சூடேறிய மானிட்டரின் மேல் தூசு வறுபடும் வாசனை.

தெருவே இருண்டு கிடந்தது. அந்த அறையில் மானிட்டரும் இல்லை.

பிறகு கரண்ட் வந்தது. அவன் கம்ப்யூட்டர் தானாக உயிர்பெற்று எழுந்து, எழுத்துகளை வரிசையாகக் கொட்டி, சிட்டி கற்றுக்கொடுத்த மரியாதைப்படி தன் முகவரியைக் கேட்டது.

பதில் தாமதிக்கவே இல்லை.

என்னுடையது.

கெர்னல் சண்டை போடவில்லை. சிட்டி எழுதிய கடைசி வரியைத் திரையில் அச்சிட்டது: இந்த முகவரி வேறொருவருக்குச் சொந்தம். விலகுகிறேன்.

தயாளன் செருப்புகூடப் போடாமல் படியிறங்கி ஓடினான். கீழே கதவைத் திறந்துகொண்டு கங்கையம்மாள் வெளியே வந்தாள். கைக்கெட்டும் தூரத்தில், மழையில் நனைந்தபடி அவன் நின்றான். அவள் கண் அவன் மேல் நிற்காமல் மாடி ஜன்னலுக்குப் போயிற்று.

"தம்பி! மேல லைட்டு வந்துச்சா?"

தயாளன் வாயைத் திறந்தான்.

"வந்துடுச்சும்மா" என்று மாடியிலிருந்து அவனுடைய குரலே சொன்னது.

"சரி, மழையில எறங்காதே" என்று சொல்லிவிட்டு, கங்கையம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள்.