பன்னிரண்டாவது வெப்பமானி

ஏரியின் அடியாழத்து வெப்பமானி 36.6 என்று காட்டியது.

தலாய்பெக் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தான். இசிக்குல் ஏரிக்குள் ஒரே கம்பியில் மேலிருந்து கீழாகப் பன்னிரண்டு வெப்பமானிகள். முதலாவது மட்டும் பழுதாகி, சோதிப்பதற்காக அவன் மேசையில் கணினியோடு மாட்டப்பட்டிருந்தது. பன்னிரண்டாவது கிடக்கும் ஆழத்தில் கோடையானாலும் குளிரானாலும் நாலு டிகிரிதான். 36.6 உயிருள்ள உடம்பின் சூடு.

"சனியன், இதுவும் போச்சா!" என்று முனகினான்.

போன ஆண்டு எதிர் மேசையில் அவனோடு வேலை பார்த்த பெர்மெத் இருந்தாள். "உங்க கணக்கு தப்பு, தலாய்பெக். மேல குளிர்ந்த தண்ணி கீழ இறங்கினா, அடித்தண்ணி மேல வந்துதானே ஆகணும்? தலைநகருக்கு எழுதத்தான் போறேன்" என்றாள். அடித்தண்ணீர் ஒருநாளும் மேலே வராது என்று எழுதித்தான் அவன் இந்த ஏரி ஆய்வு நிலையத்தின் தலைமைப் பதவியையே வாங்கியிருந்தான். மறுநாள் படகில் அவள் மண்டையில் அடித்து, கல்லோடு கட்டி, தன் கணக்கை நம்பி மிக ஆழமான இடத்தில் இறக்கினான். அப்போது அவள் உடம்பு சூடாகவே இருந்தது. தவறி விழுந்துவிட்டாள் என்று ஊர் நம்பியது. பாவி, துக்க விருந்தில் எல்லாரையும்விடச் சத்தமாக அழுதவன் அவன்தான்.

திரையில் பன்னிரண்டாவது நாலு டிகிரிக்கு இறங்கியது. பதினொன்றாவது 36.6.

பழுதென்றால் நகருமா? நிலக்கரி அடுப்பு சடசடத்தது. சாப்பாட்டின் ஆட்டுக்கொழுப்பு வாடையை மீறி எங்கிருந்தோ சேற்று வாடை வந்தது. பத்து. ஒன்பது. ஒவ்வொன்றும் சூடேறி, ஆறி, சூட்டை மேலே இருப்பதற்குக் கைமாற்றியது.

தொலைபேசி அலறியது. படகுக்காரன் மிர்லான்.

"என்ன அண்ணே, ஏரிக்குள்ள டீ கொதிக்கிற சமோவாரை முக்கிட்டீங்களா? கம்பி இருக்கிற இடத்துல மட்டும் ஆவி பறக்குது!"

"மிர்லான், இங்க வா. உடனே வா."

"வரேன் வரேன். பக்கத்துல யாரு அண்ணே, பெருமூச்சு விடுறாங்க?"

இணைப்பு அறுந்தது.

நாலு. மூன்று. எழுந்து ஓடப்போனவன், திரையைப் பார்த்தபடியே நின்றான்.

இரண்டு.

இரண்டும் ஆறியது. தண்ணீருக்குள் இனி வெப்பமானி இல்லை. அப்பாடா என்று மூச்சுவிட்டான்.

முதலாவது. 36.6.

மெல்லக் குனிந்து பார்த்தான். மேசைமேல், அவனுடைய தேநீர்க் கிண்ணத்தின் அருகில், அந்த வெப்பமானியை ஐந்து ஈர விரல்கள் இறுக மூடியிருந்தன.