தானாக வாரிக்கொள்ளும் கொண்டை

“என் கொண்டை தன்னைத்தானே வாரிக்கொள்ளும்” என்று சீமாட்டி ஹோனோரியா அறிவித்ததும் தேநீர் மேசையில் இருந்த அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். ஜார்ஜ் மன்னரின் ராஜ்யத்தில் அதைவிடப் பெரிய கொண்டை கிடையாது, சத்தியமாகச் சொல்லலாம். கோச்சு வண்டிக்குள் இருக்கையில் உட்கார முடியாமல் தரையில் மண்டியிட்டுத்தான் அவள் பயணம் போவாள். அவள் தேவாலயத்துக்குள் நுழைந்தால் பின்வரிசைக்காரர்களுக்குப் பாதிரியார் தெரியமாட்டார். கோபுரமே பொறாமையில் கொஞ்சம் சாய்ந்துவிட்டது என்றுகூட ஊரில் பேச்சு. ஆட்டுக்கொழுப்பும் மாவுப்பொடியும் பூசிக் கட்டிய அதை வாரக்கணக்கில் பிரிப்பதில்லை. தூங்குவதும் உட்கார்ந்தபடியே.

“நேத்துக் கொண்டைக்குள்ள எலி கத்துச்சே அண்ணி, அதுதான் சீப்பு புடிக்குதோ?” என்றாள் டொரோத்தியா. அவள் ஹோனோரியாவின் கணவரான பிரபுவின் தங்கை. பேயையும் நம்பமாட்டாள், வைத்தியரையும் நம்பமாட்டாள்.

“நம்பாட்டிப் போடி. தூங்கப் போறப்ப கலைஞ்சிருக்கும். விடிஞ்சு கண்ணாடியப் பாத்தா ஒரு முடி பிசகியிருக்காது.”

“எல்லாம் பெக் கைவேலை.”

கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த பணிப்பெண் பெக் நிமிர்ந்தாள். “நான் தொடலீங்கம்மா. நீங்களே வாரிக்கிறீங்கன்னுல்ல நெனச்சேன்?”

மறுபடியும் சிரிப்பு. ஹோனோரியாவும் சிரித்துவைத்தாள். பெக்தான் வாருகிறாள் என்று அவளும் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள். தானாக வாரிக்கொள்ளும் என்றது பெருமைக்காக அடித்துவிட்ட பொய்.

“இன்னிக்குப் பேர் வைக்கிற புள்ளையப் பாருங்க, மொட்டைத்தலை!” டொரோத்தியா விடவில்லை. “வீட்டு முடியையெல்லாம் அம்மாவே எடுத்துக்கிட்டா அதுக்கு என்ன மிஞ்சும்?”

அந்தச் சொல் ஹோனோரியாவைச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் கொண்டைக்குள் இருந்ததில் பாதி அவளுடைய முடியே இல்லை. பிரபுவின் முதல் மனைவி கிளமென்சி இதே வீட்டில் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள். சாகும் வரை “புள்ளைய என் கையில குடுங்க” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குழந்தை முன்னமே போய்விட்டதால் யாரும் கொடுக்கவில்லை. இறந்தவர் நினைவாக மோதிரத்தில் பதித்து வைக்க ஒரு கொத்து முடி எடுப்பதுதான் வழக்கம். பிரபு துக்கத்தில் முழுப் பின்னலையுமே வெட்டிப் பெட்டியில் வைத்துவிட்டார். செம்பழுப்பு நிறம், ஹோனோரியாவின் முடியைப் போலவே. பெட்டியில் சும்மா கிடக்கிறதே என்று அவள் அதைச் சுருட்டிக் கொண்டைக்குள் திண்டாக வைத்துக் கட்டிக்கொண்டாள். பிரபு லண்டனில் இருந்தார். யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் விருந்துக்கு முன் கடைசிப் பொடி பூச வேண்டும். குளிர்கால இருட்டு அதற்குள் ஜன்னலில் வந்து அப்பிவிட்டது. பொடியறை என்பது ஓர் ஆள் உட்காரும் அளவு பொந்து. ஒரு கதவு நடைக்கும், இன்னொன்று தொட்டில் அறைக்கும் திறக்கும். மெழுகுவர்த்தி ஒன்று. தோளில் துணியைப் போர்த்திக்கொண்டு, பொடி கண்ணில் விழாமலிருக்கக் காகிதக் கூம்புக்குள் முகத்தைப் புதைத்து உட்கார்ந்தாள் ஹோனோரியா.

கதவு திறந்து மூடியது. பொடி ஊதும் துருத்தி மூச்சுவிட ஆரம்பித்தது. கூம்புக்குள் அவளுடைய மூச்சே சூடாகத் திரும்பி வந்தது. மாவின் மணம், கொழுப்பின் மக்கல் நெடி, அதற்கடியில் எங்கிருந்தோ மெல்லிய கிராம்பு வாசனை. சுவருக்கு அப்பால் குழந்தை அகஸ்டஸின் முனகல். தலைக்கு மேலே சீப்பு இறங்கும் சரசரப்பு, அவசரமே இல்லாமல், தாய் தன் மகளுக்கு வாரிவிடுவதுபோல், உச்சியிலிருந்து நுனிவரை, மறுபடி உச்சியிலிருந்து.

“இன்னிக்குக் கை இவ்ளோ மெதுவா இருக்கே பெக்” என்றாள்.

சீப்பு இறங்கியது.

கிராம்பு வாசனை கூடியது. கிளமென்சிக்கு ஓயாத பல்வலி, எந்நேரமும் கிராம்பை மென்றுகொண்டிருப்பாள் என்று சமையல்காரி எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. ஏன் இப்போது வர வேண்டும்?

நடையில் காலடி. மூச்சிரைப்பு. வெளியிலிருந்து கதவைத் தட்டும் ஓசை.

“அம்மா, மன்னிச்சுக்குங்க, பொடி டப்பா கீழயே இருந்துபோச்சு. இப்பத்தான் எடுத்தாறேன். உள்ள வரட்டுமா?”

பெக்கின் குரல்.

சீப்பு நின்றது.

ஹோனோரியா அசையவில்லை. அசைய முடியவில்லை. பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள். குளிர்ந்த மூச்சு. தலைக்குள்ளிருந்து எதையோ உருவுவதுபோல் ஒரு மெல்லிய இழுப்பு. இன்னும் ஓர் இழுப்பு. பிறகு பாரம் போய்விட்டது.

கூம்பைப் பிடுங்கி எறிந்தாள்.

யாரும் இல்லை. வெண்பொடி படிந்த தரை. அதில் காலடித் தடங்கள். வெறும் கால். சிறியவை. நாற்காலிக்குப் பின்னால் தொடங்கித் தொட்டில் அறைக்குப் போயின. திரும்பி வந்த தடம் ஒன்றும் இல்லை.

“அகஸ்டஸ்!”

எழுந்தாள். கொண்டை காதுமேல் சரிந்தது. கையை உள்ளே விட்டாள். உள்ளே வெற்றிடம். கிளமென்சியின் பின்னல் இல்லை.

கதவைத் தள்ளினாள்.

தொட்டிலருகே டொரோத்தியா நின்றிருந்தாள், கையில் விளக்குடன்.

“புள்ளைக்கு என்னடி? சொல்லு! உயிரோட இருக்கானா?”

டொரோத்தியா விளக்கைத் தாழ்த்திக் காட்டினாள்.

குழந்தை விழித்திருந்தது. முகமெல்லாம் வெண்பொடி. கன்னங்களில் விரல் தடங்கள். தன் தலைக்கு மேலே, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. காலையில் மொட்டையாக இருந்த அந்தத் தலையிலிருந்து செம்பழுப்புப் பின்னல் ஒன்று தொட்டில் விளிம்பைத் தாண்டித் தரைவரை தொங்கியது. நுனி இன்னும் பின்னி முடியவில்லை. மூன்று புரிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி இறங்கின. மெதுவாக. அவசரமே இல்லாமல்.

“அண்ணி…” டொரோத்தியா முணுமுணுத்தாள். “நீங்க சொன்னது நெசந்தான். தானாத்தான் வாரிக்குது.”