கிண்ணத்துக்குள் நேராகத் தெரிந்த முகம்

பளபளக்கும் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் முகம் தலைகீழாகத்தான் தெரியும். முப்பது வருடம் தேவாலயப் பூசைக்கான திருக்கிண்ணங்களுக்கு மெருகேற்றிய பொற்கொல்லன் லாப்போவுக்கு அது பழகிப்போன விஷயம். இன்று முகம் நேராக இருந்தது.

ஜன்னலை அடைத்திருந்ததால் பட்டறைக்குள் கரிப்புகையும் பாதரச நெடியும் தேங்கிக் கிடந்தன. வெளியே ஃபிளாரன்ஸ் தெருவில் நற்கருணைத் திருநாள் பவனிக்கு மேளம் தட்டத் தொடங்கியிருந்தார்கள், அந்த அதிர்வில் மேசைமேல் இருந்த அரங்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. நண்பகல் மணி அடித்ததும் பாதிரியார் ஒர்மன்னோ கிண்ணத்தை வாங்க வந்துவிடுவார். கொடுத்துவிட்டால் தப்பித்தான். கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார்கள், பிறகு வியேரி எங்கே என்று கேட்பார்கள்.

கூட்டாளி வியேரி கரிக்குழிக்குள் கிடந்தான்.

நேற்று அவன்தான் கண்டுபிடித்தான். "கிண்ணத்தோட அடிப்பீடத்துக்குச் செம்பு போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. கிண்ணத்துக்கே செம்பு வச்சிட்டு மேல பொன்னைப் பூசுறியே, ஆண்டவரோட ரத்தம் நிக்கிற எடம்டா அது. பொற்கொல்லர் சங்கத்துல சொல்லாம விடமாட்டேன்" என்றான். லாப்போ சுத்தியலை எடுத்தான். மூன்று அடி. நெற்றி எலும்பு முட்டை ஓடாக நொறுங்கியது. கிண்ணத்துக்குள் தெறித்ததை அவசரத்தில் கழுவாமலே முலாம் பூசினான். துளிப் பிசுக்கு இருந்தாலும் பொன் ஒட்டாது. ஆனால் அந்த இடத்தில்தான் மற்ற இடத்தைவிட நன்றாக ஒட்டியிருந்தது.

இப்போது லாப்போ கிண்ணத்திலிருந்து தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். முகம் நகரவில்லை. அதன் நெற்றியில் குழி இருந்தது.

கதவு தட்டப்பட்டது. "லாப்போ, தொறப்பா. பவனி கெளம்பப் போகுது." ஒர்மன்னோவின் குரல்.

"இதோ சாமி. கடைசி மெருகு."

சுத்தியலை எடுத்து அந்த முகத்தை அடித்தான்.

லாப்போவின் நெற்றி பிளந்தது. ரத்தம் கண்ணை மறைத்துக் கிண்ணத்துக்குள் வழிந்தது. பொன்னில் ஒரு கீறலும் இல்லை. பயத்தில் சுத்தியலைக் கீழே போட நினைத்தான். விரல்கள் விரியவில்லை. கை தானாக உயர்ந்தது. இரண்டாவது அடி. எலும்பு முறியும் சத்தம் அவனுக்கே கேட்டது. கத்த நினைத்தான். கிண்ணத்துக்குள் இருந்த வாய் திறந்தது.

வெளியே பாதிரியார் சிரித்தார். "மெருகுக்கு எதுக்குப்பா இந்த அடி? ஓ, வியேரியும் இருக்கானா? ரெண்டு சுத்தியல் கேக்குதே."

கை மூன்றாம் முறை உயர்ந்தது. கிண்ணம் விளிம்புவரை சிவப்பாக நிரம்பியிருந்தது. அதன் அடியில், வியேரியின் முகத்துக்குப் பக்கத்தில், தலைகீழாகத் தெரிந்த லாப்போவின் முகம் மெல்லத் திரும்பி நேராகிக்கொண்டிருந்தது.