மூன்றாவது டிக்கெட்

பதினேழு மணி நேரம். கப்பலை விட்டு இறங்கியிருந்தது அவ்வளவுதான் என்று நாச்சியப்பன் சொல்லியிருந்தான். எகிப்தின் போர்ட் சையதில் காலை ஐந்து மணிக்கு இறங்கி, பஸ்ஸில் கெய்ரோ போய், பிரமிடு பார்த்து, நைல் நதியில் பாய்மரப் படகில் ஒரு சுற்று வந்து, இரவு பத்து மணிக்குச் சூயஸில் அதே கப்பலைப் பிடித்துவிட்டான். கப்பல் கால்வாயைக் கடந்து வருவதற்குள் முடிகிற ஒருநாள் சுற்றுலா. லண்டனில் படித்த மூன்று வருஷத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசினான். அந்தப் பதினேழு மணி நேரத்தைப் பற்றி மட்டும் இதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

உமையாளின் கையில் மூன்று பஸ் டிக்கெட்டுகள் இருந்தன.

துவைக்கப் போடுமுன் கணவனின் சட்டைப் பையில் கிடைத்தவை. தேவகோட்டையிலிருந்து காரைக்குடிக்கு. அடுத்தடுத்த எண்கள். நேற்று தேவகோட்டை போய்வந்தது அவர்கள் இருவர் மட்டுமே.

நேற்றுப் பஸ்ஸில் நல்ல கூட்டம். மூன்று பேர் உட்காரும் இருக்கையில் அவள் சன்னலோரம், அவன் நடுவில். அவனுக்கு அந்தப் பக்கம் காலியாகவே வந்தது. கூடையோடு நின்ற ஒருத்தி ஒவ்வொரு வளைவிலும் தடுமாறினாள்.

"உக்காரு தாயி, எடம் கெடக்குல்ல" என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"எடம் எங்குட்டுக் கெடக்கு? ஒமக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு? ஆளு உக்காந்துருக்குல்ல."

பஸ்ஸே சிரித்தது. நாச்சியப்பனைத்தான் சொல்கிறாள் என்று உமையாளும் நினைத்துக்கொண்டாள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால்களை அவள் பக்கமாக ஒடுக்கிக்கொண்டான்.

அவன் லண்டனிலிருந்து வந்து இன்றோடு ஒன்பது நாள். அவளுக்குச் சந்தேகம் வந்து எட்டு நாள். வெளியே போய்வந்தால் முன் கதவை அவனே சாத்துகிறான். சாத்துமுன் ஒரு கணம் திரும்பித் தெருவைப் பார்க்கிறான், யாரையோ வெளியே நிறுத்திவிட்டு வந்தவனைப் போல. ரோட்டில் நடக்கும்போது ஓரத்தில் ஓர் ஆள் நடக்க இடம் விட்டு நடக்கிறான். லண்டனில் ஒருத்தி இருந்திருக்கிறாள். அவளோடு நடந்த பழக்கம் காலைவிட்டுப் போகவில்லை என்று உமையாள் தீர்மானித்திருந்தாள். நேற்று இரவு சாப்பிடும்போது, "நாளைக்கழிச்சு விடியக்காலம் ராமேஸ்வரம் போறேன்" என்றான். "நானும் வரவா?" என்று கேட்க வாயெடுத்தாள். "தனியாத்தான்" என்று அவனே முடித்துவிட்டான். திரும்பி வரும் நாளைச் சொல்லவில்லை. ஆக, அவனைக் கேட்க அவளுக்கு இருப்பது இன்று ஒரு நாள்தான்.

கேட்பதுதான் அவளுக்கு வராது. கல்லூரியில் பௌதிகம் படித்த மூன்று வருஷமும் எழுந்து ஒரு கேள்வி கேட்டதில்லை. யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை. தரையைப் பார்த்தே பழகி, ஆட்களைக் கால்களை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள். புகுந்த வீட்டில் அவள் தவறாமல் சொல்ல வேண்டிய ஒரே சொல் 'வாங்க'. செட்டிநாட்டு வீடுகளில் அதில் பிசகு கூடாது. பத்துப் பேர் வந்தால் பத்துப் பேருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்; ஒருவரை விட்டுவிட்டால் பேரன் கல்யாணம் வரை அந்தக் குறை பேசப்படும். அவள் சொல்லத்தான் செய்தாள். "அவ சொல்ற வாங்க அவ பல்லுக்குள்ளயே நிக்குது" என்பார் மாமியார் தேனம்மை ஆச்சி. பத்து நாளாக அவர் நேமத்தான்பட்டியில், மகளின் பிரசவத்துக்கு. நாச்சியப்பன் வந்த அன்று நிலைப்படி ஓரம் நின்று, குனிந்த தலையோடு, வந்த கால்களுக்கெல்லாம் சொன்னது உமையாள்தான்.

டிக்கெட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு வளவைக் கடந்தாள். நடு முற்றத்தில் மாசி வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது; அதைச் சுற்றிய தாழ்வாரத்தில், காலையில்தான் கூட்டிப் பெருக்கிய வழவழப்பான கல் தளத்தில், மறுபடியும் பொடி மணல் நெறுநெறுத்தது. இந்த ஊர்ச் செம்மண் இல்லை, வெளிறிய மணல். ஒன்பது நாளாக அள்ளிக் கொட்டுகிறாள். அவனுடைய பெட்டிகளிலிருந்து உதிர்வது என்று வைத்துக்கொண்டாள். சாமான் அறைப் பக்கம் வருகிற வாடைக்கும், பல வருஷம் திறக்காத பட்டுப்பெட்டியைத் திறந்ததுபோல் பிசினும் உப்பும் பழந்துணியும் கலந்த அந்த வாடைக்கும், பெட்டிகளையே காரணமாக வைத்திருந்தாள். இரண்டாங்கட்டில் நடுப்பகலில் கேட்கும் சரசரப்பைப் பூனை என்று வைத்திருந்தாள்.

பூனை ஒரு வாரமாக வீட்டுக்கு வரவில்லை.

நாச்சியப்பன் உள்ளறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"அந்தப் படமெல்லாம் பாக்கணும்" என்றாள் அவன் கால்களிடம்.

"எந்தப் படம்?"

"பிரமிடு."

பேப்பர் மடங்கும் ஓசை. பிறகு எழுந்து சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

லண்டனிலிருந்து கொண்டுவந்த சிலைடு புரொஜெக்டர் சூடான தூசி வாடையுடன் உறுமத் தொடங்கியது. முட்டைச்சுண்ணாம்பு பூசிய சுவர் கண்ணாடிபோல் மினுங்க, அதில் சாய்ந்த ஒட்டகம், சிவந்த முகங்கள், தொப்பிகள், வெயிலில் வெளிறிய பெருங்கல் அடுக்குகள் வந்து போயின. அவள் பெண்களைத் தேடினாள். இரண்டு கிழட்டு வெள்ளைக்காரிகள். வேறு யாரும் இல்லை. உள்ளே குனிந்து ஏறும் வழி. கல் அறை. மூடியில்லாத கல் பெட்டி.

அதை அவன் சட்டென்று தள்ளிவிட்டான்.

அடுத்தது படகு. மேலே உயர்ந்த பாய், பழுப்பு நதி, பலகைத் தளத்தில் மாலை வெயில். பாய்மரத்தின் நிழல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. படகோட்டியின் நிழலும் அப்படியே. படம் எடுத்த நாச்சியப்பனின் நிழலும், கேமராவைத் தூக்கிய முழங்கைகளோடு, இடப்பக்கம். அதை ஒட்டி இன்னொரு நிழல். ஒடுங்கியது. கைகள் உடம்போடு இறுகி இருந்தன.

அது வலப்பக்கம் சாய்ந்திருந்தது.

உமையாள் கோணத்தை மனத்துக்குள் போட்டுப் பார்த்தாள். திரும்பவும் போட்டாள். அப்படி ஒரு நிழல் விழ வேண்டுமானால் இன்னொரு சூரியன் வேண்டும்.

"இது யாரு?"

தன் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முடிச்சை அவிழ்த்து மூன்று டிக்கெட்டுகளையும் புரொஜெக்டர் வெளிச்சத்தில் நீட்டினாள். சுவரில், நதியின் மேல், அவள் கை கறுப்பாக விழுந்தது.

நாச்சியப்பன் டிக்கெட்டுகளைப் பார்த்தான். அடுத்த சிலைடுக்குத் தள்ளினான். படங்கள் முடிந்திருந்தன. சுவரில் வெறும் வெள்ளைச் சதுரம். அதற்கு முதுகைக் காட்டி அவள் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"கண்டக்டர் மூணான்னு கேட்டாரு. சிலருக்குத் தெரியுது, சிலருக்குத் தெரியலை. நான் மூணுன்னுட்டேன்."

"யாரு அவ?"

"அவளா?" சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அவளா இருந்தாத் தேவலையே, உமையா."

டிக்கெட்டுகளை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"நாங்க எட்டுப் பேரு. அந்தக் கல் அறைக்குள்ள போனதும் விளக்கு அணைஞ்சு போச்சு. ஒரு நிமிசம் இருக்கும். வெளிச்சம் வந்தப்ப அந்தப் பெட்டி வெளிம்புல ஒருத்தர் உக்காந்துருந்தாரு. வயசானவரு. வேற கூட்டத்தோட வந்து மூச்சு வாங்க உக்காந்துருக்காருன்னு நெனச்சேன். என்னைப் பாத்தாரு. எனக்கு என்ன செய்யணும்னு தெரியலை. நம்ம வீட்டுப் பழக்கம், வாயில தானா வந்துருச்சு."

"என்ன?"

"வாங்கன்னேன்."

புரொஜெக்டர் உறுமியது.

"அவருக்கு அந்தச் சொல்லு எங்குட்டுத் தெரியப்போகுது? ஆனா தலையை ஆட்டுனாரு. எத்தனையோ காலமா அதுக்குத்தான் காத்திருந்தவர் மாதிரி. கீழ வந்ததும் கைடு எண்ணுனான், ஒம்போது. திரும்ப எண்ணுனான், ஒம்போது. படகுல என் பக்கத்துல உக்காந்து வந்தாரு. கப்பல்லயும்."

ஒருத்தி இல்லை. அந்த நினைப்பில் உமையாளுக்கு ஒரு கணம், வெட்கமில்லாமல், மனம் லேசானது. உடனே கனத்தது.

"இப்ப எங்க?"

"வெளிய. வாசல்லதான் நிக்கிறாரு." குரலைத் தாழ்த்தினான். "பயப்படாத. உள்ள வரமாட்டாரு. நான் பாத்துக்கிட்டேதான் வாரேன். ரயில்ல, ஓட்டல்ல, அந்தந்த எடத்துக்காரக யாராச்சும் வாங்கன்னு சொன்னாத்தான் நொழைவாரு. மரியாதை தெரிஞ்சவரு. நம்ம வீட்டுல இன்னும் யாரும் சொல்லலை."

அவள் நிமிர்ந்து முதல் முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். ஒன்பது நாள் தூங்காத கண்கள். அவளுக்கென்று திரும்பி வந்த முகம்தான். மெலிந்திருந்தது.

"ஆத்தா நாளைக்கு நேமத்தான்பட்டியிலேருந்து வாராக. வாசல்ல யாரைப் பாத்தாலும் வாங்கன்னுருவாக. அதுக்குள்ள இவரை ராமேஸ்வரம் கூட்டிட்டுப் போயி, கடலைத் தாண்டி வந்தவரைக் கடல்லயே விட்டுறணும். அதான் தனியாப் போறேன். நான் வந்த அன்னைக்கு ஆத்தா இல்லாதது நல்லதாப் போச்சு. நீதான் வாசல்ல நின்ன." அவள் கையை மெல்லத் தொட்டான். "நீ யாருகிட்ட வாயைத் தொறந்த? ஒன் சத்தம் யாருக்குக் கேட்டுச்சு?"

இரண்டாங்கட்டில் சரசரப்பு. நின்றது. தாழ்வாரத்தில் மணல் நெறுநெறுத்தது.

அவனுக்குக் கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்குக் கார்ல..." அவன் பேச்சில் குறுக்கிட்டாள். "கார்ல யாரு யாரு வந்தீக?"

"நானும் ஏகப்பன் அம்மானும். ஸ்டேசனுக்கு அவுகதான வந்தாக. ஏன்?"

நிலைப்படி. அவள் குனிந்த தலை. நாச்சியப்பனின் பளபளக்கும் ஷூ. ஏகப்பன் அம்மானின் கோணல் கட்டைவிரல். அப்புறம், சற்றுப் பின்னால், பழுப்பேறிய துணியை வரிந்து கட்டிய இரண்டு கால்கள். புண்ணாக இருக்கும் என்று நினைத்தாள். பாவம், யாரோ பெரியவர். நடக்கும்போது நிலைப்படியில் மணல் உதிர்ந்தது. வாசலில் நின்றன. காத்திருந்தன. பிறகு உள்ளே வந்தன.

பிசின் வாடை. அறைக்குள்.

அவன் முதுகுக்குப் பின்னால், சுவரின் வெள்ளைச் சதுரத்தில், ஓரம் கறுத்தது. மெல்ல. ஒரு தோள். ஒடுங்கிய உடம்பு. கைகள் இறுகியிருந்தன. புரொஜெக்டருக்கும் சுவருக்கும் நடுவே யாரும் இல்லை.

நிழல் தலையை ஆட்டியது.

"எதுக்குக் கேக்கிற, உமையா?"

"நான் சொன்னேங்க" என்றாள். "மூணு தடவ சொன்னேன்."