துணித்தலை

பெட்டி வந்து இறங்கியது காலை ஒன்பது மணிக்கு. எந்த வீட்டுக்கு என்ன வருகிறது என்று பார்ப்பதற்கென்றே பிறவி எடுத்த கீழ்வீட்டம்மா படிக்கட்டின் அடியில் நின்று, "டி.வி.யா?" என்று கேட்டாள். பெட்டியைத் தூக்கி வந்த பெண், "மூச்சு மெஷின்" என்று சொல்லிவிட்டு மரப்படிகளில் ஏறினாள். அரை மணி நேரத்துக்குள் தெருவின் கடைசி வீடு வரை செய்தி போய்விட்டது. மாடிவீட்டு டிரைவருக்கு மூச்சு நின்றுவிட்டதாம், மெஷின் வைத்திருக்கிறார்களாம்.

முழுப் பொய்யும் இல்லை. டிரைவருக்கு மூச்சு நிற்கத்தான் செய்தது. மணிக்கு நாற்பத்தேழு தடவை.

அவர் ராத்திரி பஸ் ஓட்டுபவர். பகலில்தான் தூக்கம். அந்தக் குறட்டைக்காகத் தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் 'இடி'. மூன்று மாதத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்தார். பஸ் நடுத்திட்டின் மேல் ஏறி நின்றது. உள்ளே இருந்த நாற்பது பேருக்கும் கீறல்கூட இல்லை. டிரைவருக்குத்தான் ஒரு பல் போனது. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிற நோய் என்று டாக்டர் சொன்னார். கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. முகமூடி மாட்டிக்கொண்டு முப்பது நாள், தினம் நாலு மணி நேரமாவது தூங்க வேண்டும். தூங்கினாரா இல்லையா என்பதை மெஷினே கம்பெனிக்குச் சொல்லிவிடும். முப்பதும் சரியாக இருந்தால் மறுபடி பஸ். ஒரு நாள் தவறினாலும் வீட்டுக்குப் போகலாம். அதுவரை டெப்போ வாசலில் இரவுக் காவல்.

அவர் மனைவி ஹாலில் மோட்டார் வைத்த தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவள். இருபது வருடமாக ஒரு காது துணியிலும் ஒரு காது படுக்கையறையிலுமாகக் காலம் தள்ளியவள். குறட்டை கேட்டால் கால் அதன் பாட்டுக்கு மிதிக்கும். குறட்டை நின்றால் காலும் நின்றுவிடும், எண்ண ஆரம்பிப்பாள். பத்தைத் தாண்டினால் உள்ளே போய்த் தோளைப் பிடித்து உலுக்குவாள். இடி மறுபடி முழங்கும். ஊசியில் நூல் கோத்துக்கொண்டு உட்காருவாள்.

வந்த பெண் முகமூடியை மாட்டிக் காட்டினாள். மூக்கின் மேல் கவிழும் ரப்பர்க் கிண்ணம், தலையைச் சுற்றி வார், நெளிநெளியாக ஒரு குழாய்.

"மீசை இடிக்குது சார், காத்து லீக் ஆகுது. மீசைய எடுத்துட்டா நல்லா உக்காரும்."

"மீசைய எடுக்கறதுக்கு லைசென்ஸையே குடுத்துட்டுப் போயிடறேன்மா."

"அப்ப வாரை இறுக்கிக்கோங்க. முதல் ரெண்டு நாள் சும்மா பழகிப் பாருங்க, அதுக்கப்புறம்தான் முப்பது நாள் ஆரம்பம். எல்லாரும் பழகிடறாங்க சார்."

இவர் பழகவில்லை. முதல் நாள் நாலு நிமிடம். இரண்டாம் நாள் இருபது நிமிடம். பிறகு முகமூடியைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"யாரோ மூஞ்சி மேல வாய வச்சு ஊதற மாதிரி இருக்குடி. மூச்ச வெளிய விடவே விடமாட்டேங்குது. என்னால ஆகாது."

"ஆகாதுன்னா? டெப்போல பஸ் கழுவப் போறீங்களா?"

"கழுவறதுக்கும் கூப்பிட மாட்டான்."

மறுநாள் காலை அவள் இஞ்ச் டேப்பை எடுத்து வந்து அவர் முகத்தை அளந்தாள். நெற்றி, தாடை, மூக்கின் நீளம், மூக்கின் அகலம், காதுக்குக் காது. கோட்டுக்கு அளவெடுக்கிற மாதிரி காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு குறித்தாள். மத்தியானத்துக்குள் தலை தயாராகிவிட்டது. மேலே காக்கிச் சீருடைத் துணி, காற்று கசியாமலிருக்க உள்ளே பிளாஸ்டிக் உறை, அதற்குள் வெட்டுத்துண்டுகளை அடைத்திருந்தாள். மூக்கு அவர் மூக்கேதான். வாய்க்கு ஒரு தையல் கோடு. கண் வைக்கவில்லை, எதற்கு என்று விட்டுவிட்டாள்.

இரண்டு தலையணையை நீளவாக்கில் போட்டு, கழுத்துவரை போர்வை போர்த்தி, துணித்தலைக்கு முகமூடியை மாட்டினாள். மீசை இல்லாததால் கச்சிதமாக உட்கார்ந்தது. மெஷின் உஸ்ஸென்று ஊத ஆரம்பித்தது.

டிரைவர் வாசற்படியில் நின்று சிரித்தார். "என்னவிட லட்சணமா இருக்கானேடி!"

"இருப்பான். அவனுக்குக் குறட்டையும் இல்ல, கொழுப்பும் இல்ல."

அன்றிலிருந்து தலை படுக்கையறையில் தூங்கியது. டிரைவர் ஹாலில், தையல் மெஷினுக்குப் பின்னால் பாய் விரித்துக் குறட்டை விட்டார். இந்த ஊழலுக்கு இரண்டு பேரைத் தவிர சாட்சி இல்லை என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

எட்டாம் நாள் மெஷின்காரப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, சார் பிரமாதமா பழகிட்டாரு! ஒரு தடவகூட மூச்சு நிக்கல."

"மூச்சா?"

"ஆமாக்கா. எத்தன மணி நேரம்னு மட்டும் இல்ல, மூச்சும் எங்களுக்கு வரும். நிமிஷத்துக்குப் பதினாலு, குழந்த தூங்கற மாதிரி."

அவள் ஹாலைத் திரும்பிப் பார்த்தாள். டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தார்.

"மெஷின் தப்பா காட்டுமாம்மா?"

"காட்டாதுக்கா. முதல் மூணு நாள் வெறும் காத்துதான் தெரிஞ்சுது, நானே ரிப்பேர்னு நெனச்சேன். நாலாம் நாள் மத்தியானம் ஒரே ஒரு மூச்சு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு ரெண்டு. ஆறாம் நாள்லேருந்து நல்லா வருது."

போனை வைத்துவிட்டு அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். கால் மிதிக்கவில்லை.

நடுப்பகல். கீழே யாரோ பாத்திரம் தேய்க்கும் சத்தம். தெருவில் ஒரு சைக்கிள் மணி. வெயில் ஹால் தரையில் பாதிவரை வந்திருந்தது. பின்னால் கணவரின் குறட்டை. அதற்கும் அடியில், கறுப்புத் துணி போட்டு மறைத்த ஜன்னலுள்ள அந்த அறையிலிருந்து, மெஷினின் ஒரே சீரான உஸ்.

அந்த உஸ் சீராக இல்லை.

மேலே ஏறியது. இறங்கியது. ஒரு கணம் நின்று, மறுபடி ஏறியது.

எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள். உள்ளே மழையில் நனைந்து காயாத கம்பளியின் வாடை. இருட்டுக்குக் கண் பழகியபின் போர்வையைப் பார்த்தாள். அது அசையவில்லை. தைரியம் சொல்லிக்கொண்டு அருகில் போய் முகமூடிக்குக் கீழே விரலை வைத்தாள்.

வாய்க்காகப் போட்ட தையல் கோடு ஈரமாக இருந்தது.

வெதுவெதுப்பாகவும் இருந்தது.

சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது. உடனே வழக்கமான நையாண்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டார். "மூச்சுதானேடி விடுது? சோறா கேக்குது? இன்னும் இருபத்திரண்டு நாள். பல்லக் கடிச்சுக்கோ."

கடித்துக்கொண்டாள். காலையில் மெஷினைப் போடுவாள், முகத்தைப் பார்க்காமல் வெளியே வருவாள், கதவைச் சாத்துவாள். பன்னிரண்டாம் நாள் மெஷினை நிறுத்தப் போனபோது தலை சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. நேராக்கி வைத்தாள். பதினைந்தாம் நாள் கதவுப்பக்கம் திரும்பியிருந்தது. நேராக்கவில்லை.

கண் வைக்காமல் விட்டது நல்லதா கெட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், பின்னால் குறட்டை நின்றது. பழக்கதோஷத்தில் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஐந்தில் படுக்கையறையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. அது வெளியே வந்ததும் இங்கே குறட்டை தொடர்ந்தது.

மறுபடி நின்றது. மறுபடி அங்கே இழுத்தது.

இவர் நிற்கும்போதுதான் அது இழுத்தது.

அவர் விடத் தவறிய மூச்சையெல்லாம் அது எடுத்துக்கொண்டிருந்தது.

எட்டு. பன்னிரண்டு. பதினெட்டு. இந்த முறை குறட்டை திரும்பவில்லை. அவள் பாய்ந்து தோளை உலுக்கினாள். "என்னங்க... என்னங்க!" அவர் தலை துவண்டு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் ஆடியது. உதடு நீலம் பாரித்திருந்தது. படுக்கையறைக்குள் அந்த மூச்சு, அவசரமே இல்லாமல், இழுத்து விட்டு இழுத்தது.

படுக்கையறைக்குள் ஓடி முகமூடியைத் துணித்தலையிலிருந்து பிடுங்கினாள். வார் சுலபத்தில் வரவில்லை. எதிர்ப்பக்கமிருந்து யாரோ பிடித்திருக்கிற மாதிரி இழுத்தது. பிடுங்கியதும் தலை சப்பென்று அமுங்கியது. மெஷினோடு ஹாலுக்கு வந்து, தையல் மெஷின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இதைச் செருகி, ரப்பர்க் கிண்ணத்தைக் கணவரின் மூக்கில் வைத்து அழுத்தினாள். மீசையோரம் காற்று சீறியது. இரண்டு கையாலும் அழுத்தினாள்.

நெஞ்சு தூக்கிப் போட்டது. மூச்சு வந்தது.

அப்படியே அவர் மேல் சாய்ந்து அழுதாள். அழுதுகொண்டே, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் அவர் மூச்சை எண்ணினாள்.

பதினாலு.

அன்று மாலையே துணித்தலையைப் பிரித்தாள். உள்ளே வெட்டுத்துண்டுகள் எல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தன. குப்பை வண்டிக்காரர் எடுத்துப் போகும்வரை வாசலிலேயே நின்றாள்.

அதற்குப்பின் டிரைவர் முரண்டு பிடிக்கவில்லை. மறுநாள் குளியலறையிலிருந்து மீசை இல்லாமல் வந்தார். தினமும் காலையில் காவல் முடிந்து வந்ததும் தானே முகமூடியை மாட்டிக்கொண்டு, படுக்கையறைக் கட்டிலில் மல்லாந்து, கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்தார். புரளவில்லை. விழித்திருக்கும்போதும் எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். நையாண்டி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தெருவுக்கு ஒரே சந்தோஷம். கீழ்வீட்டம்மா மெனக்கெட்டு மேலே ஏறி வந்து, "இப்பதான் மத்தியானத்துல எனக்கும் கண்ணசருது. நல்ல மெஷின்மா, விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முப்பத்தோராம் நாள் காலை மெஷின்காரப் பெண் அறிக்கையோடு வந்தாள். நாளைக்கே பஸ் ஏறலாம். தாளில் ஒரு கோடு ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்தது.

"பாருங்கக்கா, ஆறாம் நாள்லேருந்து கடைசி வரைக்கும் ஒரே மாதிரி. பத்தொன்பதாம் நாள் நடுவுல ரெண்டு நிமிஷம் மட்டும் விட்டிருக்கு, கழட்டி மாட்டினீங்களா?"

"அதுக்கு முன்னாடியும் பின்னாடியும்... வித்தியாசம் தெரியுதாம்மா?"

"ஒரு வித்தியாசமும் இல்லக்கா. ஒரே ஆளோட மூச்சுதானே?"

அவள் தாளை மடித்துச் சீருடைத் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

மத்தியானம் கரண்ட் போனது. மின்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது. படுக்கையறையில் மெஷினின் உஸ் அடங்கியது. வீட்டில் ஊசி விழுந்தால் கேட்கும். அவள் தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள்.

அப்போது குறட்டை கேட்டது.

பழைய குறட்டை. இருபது வருடக் குறட்டை. கரகரவென்று ஏறி, நடுவில் தடுக்கி, மறுபடி ஏறும் அதே இடி. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அப்பாடா, வந்துவிட்டார் என்று நினைத்தாள்.

பிறகுதான் எந்தப் பக்கமிருந்து கேட்கிறது என்பது உறைத்தது.

மெல்லத் திரும்பினாள். தையல் மெஷினுக்குப் பின்னால் வெறும் தரை. பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திப் பதினோரு நாள் ஆகிறது. அந்த வெறும் தரையிலிருந்து குறட்டை வந்துகொண்டிருந்தது.

மண்டியிட்டுக் கையை நீட்டினாள். சிமெண்டுத் தரை சூடாக இருந்தது.

"என்னங்க..."

குறட்டை நின்றது.

எட்டு. ஒன்பது. பத்து. உலுக்குவதற்கு அங்கே தோள் இல்லை. பதினைந்து. அவள் தரையைத் தட்டினாள். இரண்டு கையாலும் தட்டினாள்.

படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. முகமூடியின் வார் அவிழும் சத்தம். பிறகு, ரொம்பவும் தணிந்த, ரொம்பவும் மரியாதையான ஒரு குரல்.

"கதவச் சாத்திட்டு உள்ள வாங்க. அவரு தூங்கட்டும்."