முதலில் இஞ்சின், அப்புறம் தண்ணீர்

போடியில் கடல் கிடையாது. மலைதான் இருக்கிறது. இருந்தாலும் மாரீஸ்வரன் மாமா ஒரு வாட்டர் ஸ்கூட்டர் வாங்கி வந்துவிட்டார்.

தண்ணீர் மேல் ஓடுகிற ஸ்கூட்டர் அது. மினிலாரியிலிருந்து அது இறங்கிய அன்று தெருவே சோலியை விட்டுவிட்டு வந்து பார்த்தது.

“இதுக்கு டயர் எங்கே?” என்று கேட்டார் எதிர்வீட்டு மகாராணி அக்கா. நியாயமான கேள்விதான். ஆனால் அதையே அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்க வேண்டாம்.

கலையரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு அந்த ஸ்கூட்டர் ஓடியே ஆக வேண்டும்.

அவள் அப்பா பேச்சிமுத்து ஜீப்பு ஓட்டுகிறவர். விடியுமுன் எழுந்து, ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்குவார். வீடு திரும்பினால் சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். ஒரு நாள் ரசத்துக்குள் விரலை வைத்தபடியே தூங்கிவிட்டார். கலையரசிதான் விரலை எடுத்துத் துடைத்துவிட்டாள்.

மலைமேல் ஒரு தோட்ட முதலாளிக்குச் சொந்தமாக ஏரி இருந்தது. சுற்றுலா வருகிறவர்களை ஸ்கூட்டரில் வைத்து ஏரியைச் சுற்றிக் காட்டுவது என்று ஏற்பாடு. ஸ்கூட்டர் மாமாவுடையது, ஓட்டும் வேலை அப்பாவுக்கு. பத்து மணிக்குப் போனால் போதும்.

போன வாரம் ஓட்டிப் பார்த்தபோது, இஞ்சினைக் குளிர வைக்கிற குழாய்க்குள் பாசியும் சேறும் போய் அடைத்துக்கொண்டன. இஞ்சின் கொதித்துப்போய் நடு ஏரியில் நின்றுவிட்டது.

“நாளைக்கு ஒரு தடவை பாப்பேன்,” என்று சொல்லியிருந்தார் முதலாளி. “மறுபடியும் சூடாச்சுன்னா எனக்கு வேணாம்.”

அதனால் இன்று குழாயைக் கழுவ வேண்டும்.

மதியம் மாமாவின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. மணி அடித்தது. கலையரசிதான் எடுத்தாள். ஸ்கூட்டரை விற்ற தூத்துக்குடி அன்புச்செல்வன் பேசினார்.

“பாப்பா, மாமாகிட்ட மறக்காமச் சொல்லு. முதல்ல இஞ்சினைப் போடணும். உடனே தண்ணியைத் திறக்கணும். முடிக்கும்போது முதல்ல தண்ணியை மூடணும், அப்புறந்தான் இஞ்சினை நிறுத்தணும். இஞ்சின் ஓடினாத்தான் புகை தண்ணியை வெளியே தள்ளும். இல்லேன்னா தண்ணி இஞ்சினுக்குள்ளயே போயிரும். போச்சுன்னா அதோட சரி.”

மாமா வந்ததும் சொன்னாள். மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

“தண்ணியில்லாம இஞ்சினைப் போடுறதா? ராக்கையா அண்ணே, கேட்டீகளா?”

பக்கத்து வீட்டு ராக்கையாவுக்குக் கேட்காத விஷயம் தெருவில் உண்டா? முன்னமே வந்து நின்றிருந்தார்.

“கடல்காரனுக்கு என்ன தெரியும் மாப்ளே? மெட்டு ஏறுறவன் தண்ணி ஊத்தாமச் சாவியைத் தொடுவானா?” என்றார்.

அந்தத் தெருவில் எல்லாரும் ஜீப்பு ஓட்டுகிறவர்கள், இல்லையென்றால் ஓட்டியவர்கள். முதலில் ரேடியேட்டருக்குத் தண்ணீர், அப்புறம்தான் சாவி. பல் துலக்கிவிட்டுக் காபி குடிப்பது போல.

“மாமா, இது ஜீப்பு இல்லையே,” என்றாள் கலையரசி.

“நீ பின்னால போயி குழாய்கிட்ட நில்லு ஆத்தா. திறன்னா திற, மூடுன்னா மூடு.”

கலையரசி கொல்லைக்குப் போனாள். அங்கிருந்து ஒரு நீளமான ஹோஸ் வீட்டைச் சுற்றி வாசலில் இருந்த ஸ்கூட்டர் வரை போயிருந்தது. காலையிலிருந்து அந்தக் குழாயின் மேல்தொட்டியை நிரப்பத் தண்ணீர் தூக்கியதில் அவளுக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. சண்டை போடத் தெம்பில்லை. உள்ளே அப்பா செத்த நேரம் கண்ணயர்ந்திருந்தார். அவரை எழுப்பவும் மனசில்லை.

குழாயின் மேல் கையை வைத்தாள்.

“திற!” என்று மாமாவின் குரல் வந்தது.

கலையரசி திறக்கவில்லை.

“தண்ணி வருதா பாப்பா?”

“இன்னும் வரலை மாமா,” என்றாள். அது உண்மைதான்.

“காத்து அடைச்சிருக்கும்,” என்றார் ராக்கையா. “ஹோஸைத் தூக்கி உதறு.”

“எங்க வீட்டுலயும் இப்படித்தான்,” என்று மகாராணி அக்கா தொடங்கினார். ஹோஸை உதறினார்கள், தட்டினார்கள், மிதித்தார்கள். காற்று போகவில்லை. கடைசியில் மாமா சலித்துப்போனார்.

“தண்ணி வர்றப்ப வரட்டும். இஞ்சினாவது பிடிக்குதான்னு பாப்போம்.”

இஞ்சின் உறுமியது. அந்த நொடியே கலையரசி குழாயைத் திருகினாள்.

“வந்துருச்சு, வந்துருச்சு!”

ஸ்கூட்டரிலிருந்து காபி நிறத்தில் தண்ணீர் கொட்டியது. நடுநடுவே பச்சைப் பாசி விழுந்தது. போகப்போகத் தண்ணீர் தெளிந்தது. காற்றை விரட்டியது தன் யோசனைதான் என்று ராக்கையா மூன்று பேரிடம் சொல்லி முடித்தார்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “போதும் மாப்ளே. நான் என்ன சொல்றேன்னா, முதல்ல இஞ்சினை நிறுத்து, தண்ணி பாட்டுக்கு ஓடட்டும், சூடு ஆறணுமில்ல, நாங்க அந்தக் காலத்துல…”

அவர் பேச்சு முடிய எப்போதும் நேரமாகும். அதற்குள் கலையரசி குழாயை இறுக்கி மூடிவிட்டாள்.

“மறுபடியும் காத்து!” என்று தலையில் அடித்துக்கொண்டு மாமா இஞ்சினை நிறுத்தினார்.

சத்தம் நின்ற பிறகுதான் அப்பாவுக்கு விழிப்பு வந்தது. வாசலில் மாமா காற்றையும் தூத்துக்குடிக்காரரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. முகம் கழுவக் கொல்லைக்கு வந்தார். குழாயைப் பிடித்தபடி நின்ற மகளைப் பார்த்தார்.

“காத்தா ஆத்தா?”

கலையரசி கையை எடுத்தாள். அப்பா ஹோஸைக் கழற்றிவிட்டுத் திருகினார். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்து அவர் சட்டையை நனைத்தது. அவர் முகத்தைக் கழுவிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“அந்தத் தூத்துக்குடிக்காரர் என்ன சொன்னார்?”

அவள் சொன்னாள். அப்பா ஒரு தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“இனிமே நானே கழுவிக்கிறேன். கை வலிக்குதா?”

“கொஞ்சம்.”

மறுநாள் ஸ்கூட்டர் ஏரியை எத்தனையோ சுற்று சுற்றியது. இஞ்சின் கொதிக்கவில்லை. முதலாளியும் சரி என்றுவிட்டார். ஜீப்பு வைத்தியத்திலேயே அதைச் சரிசெய்துவிட்டதாக மாமா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ராக்கையாவும் அதையே சொன்னார், மாமாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டு.

திங்கட்கிழமை விடியுமுன் தெருமுனையில் தோட்டத்து ஜீப்பு ஹாரன் அடித்தது. வேறு யாரோ ஓட்டினார்கள். கலையரசி கண்ணைத் திறந்து பார்த்தாள். அப்பா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் புரண்டு படுத்தார்.