ரிஃப்காவின் தையல் கடையில் ஒரு குரல்

“இடியாப்பம் ஆறுது... சாப்பிட வாங்க மச்சான்!” நஃபீசா மறுபடியும் கூப்பிட்டாள்.

பல வருஷம் கழித்து முந்தின நாள்தான் மஸ்கட்டிலிருந்து வந்து இறங்கியிருந்த அவள் கணவர் ஜெக்கரியா, தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய அக்கா கமருன்னிஸா, தன் பீரோவில் பூட்டி வைத்திருந்த லேப்டாப்பைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

“இந்தா தம்பி. உன் மவ கெட்டது இதாலதான். உள்ள இருக்குற எல்லாத்தையும் அழிச்சிட்டு யாருக்காவது கொடுத்துடு!”

கதவோரம் நின்ற மகள் ரிஃப்காவின் முகம் வெளுத்துப்போனது. அந்த லேப்டாப்பில்தான் அவள் ஒரு விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தாள். சுடுவது, துரத்துவது எதுவும் கிடையாது. ஒரு சின்னத் தையல் கடை. வருகிறவர்களுக்குத் துணி தேர்ந்தெடுத்து, வெட்டி, தைத்து, போட்டு அழகு பார்க்க வேண்டும். அம்மா வீட்டில் தைப்பதைப் பார்த்து வளர்ந்த பெண்ணுக்கு வேறென்ன தோன்றும்?

வினை வந்தது ஒரு மத்தியானத்தில். ஜன்னல் பக்கம் வந்த கமருன்னிஸாவின் காதில், லேப்டாப்பிலிருந்து ஓர் இளவட்டக் குரல் விழுந்தது. “கண்ணு, தூங்கலையா? இன்னும் ஒரே வருஷம்... அப்புறம் உன்னை விட்டுட்டு எங்கயும் போகமாட்டேன்.” அவ்வளவுதான். கூத்தாநல்லூர் முழுக்கப் பேச்சானது. ரிஃப்காவுக்கு நீடாமங்கலத்தில் பேசி வைத்திருந்த சம்பந்தம் கைவிட்டுப் போனது.

நஃபீசா அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிட்டாள். அது ஜெக்கரியாவின் குரல்! ரிஃப்கா கைக்குழந்தையாக இருந்தபோது, வீட்டில் போன் இல்லாத காலத்தில், அவர் மஸ்கட்டிலிருந்து பேசி அனுப்பிய கேசட். அதைத்தான் ரிஃப்கா தன் விளையாட்டுக்காக லேப்டாப்பில் பதிந்து வைத்திருந்தாள். யார் நம்பினார்கள்? “என் தம்பி கொரலு எனக்குத் தெரியாதா?” என்றாள் கமருன்னிஸா. ஜெக்கரியாவோ, “புள்ளைய ஒழுங்கா வளக்கத் தெரியல, என் பேரைச் சொல்லித் தப்பிக்கப் பாக்குறியா?” என்று சீறிவிட்டுப் போனை வைத்தார். கேசட்டைப் போட்டுக் காட்டலாமென்றால் டேப் சிக்கி அறுந்துபோயிருந்தது. குரல் மிச்சமிருந்தது கமருன்னிஸா அன்றே பிடுங்கிப் பூட்டிய லேப்டாப்பில் மட்டும்தான்.

“தொறந்து அழி. நீயே அழி!” ஜெக்கரியா மகளிடம் லேப்டாப்பை நீட்டினார்.

நஃபீசா அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அழிக்கட்டும் மச்சான்... தடுக்க எனக்கு என்ன சக்தி இருக்கு? இத்தன வருஷத்துல நீங்க சொன்னதுக்கு மறுபேச்சு பேசியிருக்கேனா? ஒரே ஒரு தடவ கேட்டுட்டு அழிக்கச் சொல்லுங்க...!”

ரிஃப்கா அழுதுகொண்டே திறந்தாள். கடை விரிந்தது. உள்ளே சிலர் தைத்த துணியைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, வாசலில் ஒருவர் மட்டும் நின்றிருந்தார். அவரைத் தொட்டதும் அந்தக் குரல் வந்தது.

“யாருடீ இவன்?” என்று கத்தினார் ஜெக்கரியா.

குரல் நிற்கவில்லை. “நஃபீசா... புள்ளைக்குச் சளி சரியாயிடுச்சா? காதுகிட்ட வச்சுக் கேக்க வையி. அத்தா பேசுறேன்னு சொல்லு...”

ஜெக்கரியா குனிந்து லேப்டாப்பில் காதை வைத்தார். கமருன்னிஸா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். “யா அல்லாஹ்... கூடப்பொறந்தவன் கொரலு எனக்கு மறந்துபோச்சே! பச்சப்புள்ள மேல பழி போட்டுட்டேனே!”

போன சம்பந்தம் இனி திரும்பாது. ஊர் வாயை யார் மூடுவது? நஃபீசாவுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை.

திரையைக் காட்டி மகளிடம், “எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. நான் மட்டும் ஏம்மா வாசல்லயே நிக்கிறேன்?” என்று கேட்டார் ஜெக்கரியா.

“அவங்க நடக்குறதெல்லாம் நம்ம தெருவுல பாத்துப் பாத்து வரைஞ்சேன்த்தா. நீங்க நடக்குறது... எனக்கு ஞாபகத்துல இல்ல. நீங்க வந்தா பாத்துக்கலாம்னு விட்டு வச்சேன்.”

அவர் சட்டென்று எழுந்தார். “நடந்து காட்டுறேன். நல்லாப் பாத்துக்க தாயி.” வாசலுக்குப் போய்த் திரும்பி நின்றார். கால் எழவில்லை.

“எப்பவும் நடக்குற மாதிரி நடங்கத்தா.”

“எப்பவும்னா... எப்புடி நடப்பேன்?” அவர் மனைவியைப் பார்த்தார். “நஃபீசா, நீ சொல்லேன்!”

நஃபீசா வாயைத் திறந்தாள். அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய் அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து அழுதாள்.